அங்க அடையாளங்கள்

பதினேழு பேர் ஒரே பெயரில்.
இழுப்பறை நாற்பத்திரண்டு. தீப்பெட்டி அளவு அட்டைப்பெட்டிகள்.
ஹாலோவே என்ற ரயில்வே கணக்கர்
ஞாயிறுதோறும் பைன் தோப்பில் குனிந்து பொறுக்கியவை.
ஊர்: பீட்டர்மாரிட்ஸ்பர்க். மாதம்: பெரும்பாலும் மார்ச்.
பெயர் என்ற இடத்தில் அதே லத்தீன்,
அதே சாய்ந்த கையெழுத்து.
கை வலித்திருக்கும், கடைசிப் பெட்டிகளில்
வெறும் 'மேற்படி'.

எல்லாம் காய்ந்து மூடிய முஷ்டிகள்.
ஒன்றின்மேல் சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு
தேநீர் போடப் போனேன்.
திரும்பினால்,
எண்பது வருடம் செத்துக் கிடந்தது
விரல் விரலாகப் பிரித்து
மேசைமேல் நட்சத்திரமாக மல்லாந்திருக்கிறது.
உயிரெல்லாம் இல்லை.
தோலின் பழக்கம், அவ்வளவுதான்.

பிறகு கணக்கெடுப்பு.
கதிர்கள் ஏழு. ஒன்பது. ஒன்று உடைந்து ஆறு.
உட்புறம் வற்றிய ஏரியின் வெடிப்பு.
வித்துத்தூள் காபி நிறம்; லென்சுக்கடியில்
ஒவ்வொரு துகளும் முள்ளுடம்போடு ஒரு குட்டிப் பலாக்காய்.
மூன்றுக்கும் எட்டுக்கும் மட்டும்
உச்சியில் குவிந்த வாய்,
காய்ந்தபோதும் விரிந்த கை,
நனைத்தாலும் அதே கை.

இதே மாதிரி வரிகளை
டர்பன் ஆவணக் காப்பகத்தில் படித்திருக்கிறேன்.
கப்பல் பதிவேடு. எண். தகப்பன் பெயர். வயது. சாதி. ஊர். உயரம்.
கடைசிப் பத்தி அங்க அடையாளம்:
வலது முழங்காலில் தழும்பு, இடது காதில் மச்சம்.
வடிவேலு 'வாடிவாலூ' ஆகிக்
கரும்புக்கு இறங்கியிருக்கிறார்.
சாதிப் பத்தியில் மட்டும்,
எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்,
மதராஸ் துறைமுகத்தில் முன்னால் நின்றவன் சொன்னதையே
இவரும் சொன்னாராம்.
எழுத்தர் மை தொட்டு எழுதினார்:
மேற்படி.

நொஸிஃபோ கிள்ளி எடுத்து அரைத்தாள்,
கரைத்தாள், இயந்திரத்தில் இரவெல்லாம்
சூடாக்கி ஆறவைத்துச் சூடாக்கினாள்.
காலையில் நான்கே எழுத்து,
ஏ, டி, ஜி, சி,
பாதி அழிந்த கடிதம்போல.

மூன்றும் எட்டும் உறவே இல்லை.
அவற்றின் சொந்தம் பிணநாற்றக் காளான்.
முகஜாடையை நம்பி
ஒரே பந்தியில் உட்கார்த்தி வைத்திருந்தோம்.
மிச்சத்தில் ஒன்பது ஓர் இனம்,
ஐந்து இன்னொன்று.
நம்பவில்லை நான். மறுபடி லென்சுக்குப் போனேன்.
அந்த ஐந்தில் முள் கொஞ்சம் குட்டை,
ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாய் வெட்டினால் ஒரு துண்டு.
முன்பே இருந்ததுதான்.
கண்ணுக்கு எதைத் தேடுவதென்று தெரிந்திருக்கவில்லை.

பைனும் இங்கே கப்பலேறி வந்த மரம்.
வேரில் ஒட்டிய மண்ணில்
இவையும் வந்திருக்கலாம்,
எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், முழங்கால் காட்டாமல்.
எந்தத் துறைமுகம் என்று கேட்டால்
அந்த நான்கெழுத்து கொஞ்சம் உளறுகிறது:
மத்தியதரைக் கடல் பக்கம்;
இல்லை, இன்னும் கிழக்கே.
ஒப்பிட ஆள் போதவில்லை.

பதினொன்று பேசவில்லை.
மூன்று முறை கேட்டோம்.
ஜெல்லில் அதன் தடம் மட்டும் இருட்டு.
பூச்சி அரிக்காமலிருக்க ஹாலோவே பூசிய மருந்து
எல்லாவற்றையும் அரித்துவிட்டது என்கிறாள் நொஸிஃபோ.
குட்டை முள்ளா நெட்டை முள்ளா?
நடுவில் இருக்கிறது, சனியன்.

புதுச் சீட்டு எழுதினேன்.
கதிர் ஏழு. ஒன்றின் நுனியில் வெட்டுத் தழும்பு.
பெயர் என்ற இடத்துக்கு வந்து
பேனாவை எடுத்துவிட்டேன்.
'மேற்படி' என்று எழுத
ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

மாலை நாலு மணிக்கு வழக்கமான இடி.
தகரக் கூரையில் மழை.
இழுப்பறை நாற்பத்திரண்டைத் தள்ளுகிறேன்,
மூட மாட்டேன் என்கிறது.
ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்கிறாள் நொஸிஃபோ,
தோளைக் கொடுத்து முட்டியபடி.
இருக்கலாம்.
உள்ளே அட்டைமூடிகள் லேசாக எழும்பியிருக்கின்றன.